மலைக்கு யார் கடன்பட்டவர்?

நிலம் கைமாறும்போது புரளும் பணத்தில் ஒரு பங்கை, அந்த நிலத்தைச் சூழ்ந்த இயற்கையைச் சீர்செய்ய எடுத்துக்கொள்வது நியாயமா? இந்தக் கேள்விக்கு வெளிநாடுகளில் சில கடற்கரை ஊர்கள் சட்டமாகவே விடை எழுதியிருக்கின்றன. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் 1983இல் ஒரு நில வங்கி உருவாக்கப்பட்டது. வீடோ மனையோ விற்கப்படும்போதெல்லாம் விலையில் 2 சதவீதம் அதற்குப் போகிறது. அந்தப் பணத்தில் கடற்கரைகளும் திறந்தவெளிகளும் பொதுவுக்காக வாங்கிக் காக்கப்படுகின்றன. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் கிழக்குமுனையில் ஐந்து ஊர்களின் மக்கள் 1998இல் வாக்களித்து இதே அளவு வரியை ஏற்றுக்கொண்டார்கள். ஃபுளோரிடா மாநிலம் பத்திரத் தீர்வை வருவாயில் ஒரு பகுதியை, அலை அரித்த கரைகளில் மணல் கொட்டி மீட்கும் பணிக்கு ஒதுக்கியது. கரைக்கும், அந்தக் கரையைப் பார்த்து நிற்கும் வீட்டின் விலைக்கும் உறவு இருக்கிறது என்பதை இந்தச் சட்டங்கள் ஒப்புக்கொண்டன.

தமிழ்நாட்டில் இதே கேள்வி பழனி மலைத்தொடரில் இன்னும் கூர்மையாக எழுகிறது. அங்கே அழிந்தது புல்வெளி. விலை ஏறியது பள்ளத்தாக்கைப் பார்த்த சென்ட் நிலம். அழிவுக்கும் விலையேற்றத்துக்கும் உள்ள உறவு கடற்கரையில் இருப்பதைப்போல அவ்வளவு நேரானது அன்று. அறக்கேள்வி கடினமாவது அதனால்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே பிரிந்து நீளும் இந்த மலைத்தொடர் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. கீழ்ப்பழனியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. கொடைக்கானல் நகரம் 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மேல்பழனியின் இயல்பான தோற்றம் இரண்டு பகுதிகள் கொண்டது: மலை மடிப்புகளில் ஓடையைச் சுற்றி அடர்ந்த குட்டையான சோலைக்காடு, அதற்கு வெளியே மேடெல்லாம் புல்வெளி. மழையை வாங்கி நிதானமாக விடுவது இந்த இரண்டும் சேர்ந்துதான். வடக்குச் சரிவின் நீர் வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு அணைகளுக்கு இறங்கிப் பழனி வட்டாரத்தை நனைக்கிறது. தெற்குச் சரிவின் நீர் மஞ்சளாறு, சோத்துப்பாறை அணைகளை நிரப்புகிறது. பேரிஜம் ஏரியின் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது.

இந்தப் புல்வெளியை அழித்தது பெரும்பாலும் தனியார் அல்லர். சுதந்திரத்துக்குப் பிறகான சில பத்தாண்டுகளில், தோல் பதனிடப் பட்டையும் காகிதக்கூழுக்கு மரமும் வேண்டுமென்று வனத்துறையே மேட்டுப் புல்வெளிகளில் வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டது. மரமில்லாத புல்வெளியை வீணாகக் கிடக்கும் தரிசாகக் கண்ட காலம் அது. பிறகு அரசின் கொள்கை மாறியது, மரங்கள் அப்படியே நின்றன. வாட்டில் நட்ட இடத்தில் அடங்காமல் புல்வெளிக்குள் பரவிக்கொண்டே போனது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973க்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு வயல்களும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. ஆனால் பெரும் பங்கு தோட்ட மரங்களுக்குத்தான் போனது.

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன மெய்யியலாளர் மென்சியஸ் ஒரு மலையைப் பற்றிப் பேசுகிறார். தலைநகருக்கு அருகில் இருந்த எருது மலையில் ஒருகாலத்தில் அழகான மரங்கள் இருந்தன. கோடரிகள் வெட்டின, துளிர்த்ததை ஆடுமாடுகள் மேய்ந்தன. மொட்டையான மலையைப் பார்த்தவர்கள், அதன் இயல்பே அதுதான் என்று நினைத்தார்கள். மனிதனின் நற்குணமும் இப்படித்தான் தேய்ந்து, இல்லாததுபோல் தோன்றிவிடுகிறது என்பது மென்சியஸ் சொல்லவந்தது. கொடைக்கானலில் இந்தக் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. பைன் காடு இன்று பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலில் இருக்கிறது. குடும்பங்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. அந்த மரங்கள் நிற்கும் மண்ணில் முன்பு என்ன இருந்தது என்பதைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. இழப்பு கண்ணுக்குத் தெரியாதவரை கடனும் தெரியாது. கடனைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதற்கு முன், இழந்தது இன்னதென்று பெயர் சொல்லத் தெரியவேண்டும்.

ஒரு மலை கெட்டுப்போனால் அதைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்பதற்கு மூன்று விடைகள் உண்டு. கெடுத்தவர் கொடுக்கவேண்டும் என்பது ஒன்று. பயன்பெறுபவர் கொடுக்கவேண்டும் என்பது இன்னொன்று. அந்த மலையால் தன் உழைப்பின்றி ஆதாயம் அடைந்தவர் கொடுக்கவேண்டும் என்பது மூன்றாவது. நில விற்பனை வரி நிற்பது மூன்றாவதன்மேல். அதை முதலாவதோடு குழப்பிக்கொள்வதால்தான் இத்தகைய வரிகளைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் தடம் மாறுகின்றன.

கெடுத்தவர் கொடுக்கவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதே தமிழ்நாட்டு வழக்கு ஒன்றால்தான். பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அந்த நெறியை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது. கொடைக்கானலுக்கு அது நேராகப் பொருந்திய இடம் தெர்மாமீட்டர் ஆலை. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் வெளியே வந்தது. ஹிந்துஸ்தான் லீவர் நடத்திய அந்த ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. உடல்நலம் கெட்டதாக முறையிட்ட முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் 2016இல் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மண்ணைத் தூய்மையாக்கும் செலவும் நிறுவனத்துடையதே. யார் செய்தது, எங்கே செய்தது என்பதில் ஐயமில்லாத இடத்தில் இந்த நெறி தெளிவாக இயங்குகிறது. ஆலையிலிருந்து பாம்பார் சோலைக்குள் வடிந்த பாதரசத்துக்கு மன்னவனூர் விவசாயியோ வில்பட்டியில் மனை வாங்கியவரோ பொறுப்பல்லர்.

வாட்டிலுக்கும் அதே தெளிவு உண்டு, விடைதான் சங்கடமானது. நட்டது அரசு. ஆகவே கெடுத்தவர் கொடுக்கவேண்டுமென்றால் முதல் கடன்காரர் அரசே. மனை வாங்குபவரிடம் வரி வாங்கி வாட்டிலை அகற்றுவதைத் தண்டனையாகச் சொல்லவே முடியாது. அப்படிச் சொன்னால் அது நேர்மையற்றது.

மூன்றாவது நெறியின் கதை வேறு. கொடைக்கானலில் ஒரு சென்ட் நிலத்தின் விலை எதனால் ஆனது? மண்ணின் வளத்தால் பெரிதாக இல்லை. குளிர், மூடுபனி, எதிரே விரியும் பள்ளத்தாக்கு, அருகே ஒரு சோலை, 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் அணை கட்டித் தேக்கிய ஏரி ஆகியவற்றால் ஆனது. விற்பவர் இவற்றில் எதையும் உண்டாக்கவில்லை. வாங்கியபோது இருந்த விலைக்கும் விற்கும்போது உள்ள விலைக்கும் இடையிலான தொகை, மலை இருந்த இடத்தில் இருந்ததாலும் ஊர் அதைச் சுற்றி வளர்ந்ததாலும் சேர்ந்தது. அமெரிக்கப் பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் 1879இல் எழுதிய ‘முன்னேற்றமும் வறுமையும்’ நூலின் வாதம் இதுவே: உழைத்துச் சேர்த்ததைத் தொடாதீர்கள், நிலத்துக்குச் சமுதாயம் சேர்த்த மதிப்பைச் சமுதாயம் எடுத்துக்கொள்ளட்டும். ஜார்ஜ் கேட்டது ஆண்டுதோறும் நில மதிப்பின்மேல் வரி. விற்கும்போது மட்டும் வாங்கும் வரி அதன் மெலிந்த வடிவம். ஆனாலும் ஆதாயம் கையில் காசாகும் அந்த ஒரு நாளில் கேட்பது மனிதருக்கு எளிதில் புரியும் நியாயம்.

திருக்குறளின் அதிகார வரிசை இங்கே உதவுகிறது. ஒப்புரவறிதல் ஓர் அதிகாரம்; அதற்கு அடுத்து ஈகை. இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்பவன் ஊருக்குச் செய்யும் கடமை ஒப்புரவு. அதில் கருணைக்கு வேலை இல்லை, வாங்கியவர் நன்றி சொல்லவேண்டியதும் இல்லை. மலை நிலத்தை விற்றவர் மலைக்குத் தரும் பங்கு ஒப்புரவின் பக்கம் சேரவேண்டியது. அதை நன்கொடையாக்கினால் மனம் இருந்தால் கொடுப்பது என்றாகிவிடும். அபராதமாக்கினால் செய்யாத குற்றத்தைச் சுமத்துவதாகிவிடும்.

இன்று மலைக்கென்று தனியாகப் பணம் கொடுப்பது யார் என்று பார்த்தால் நிலைமை விசித்திரமானது. சுற்றுலா வாகனங்கள் நகராட்சிக்கு நுழைவுக் கட்டணம் கட்டுகின்றன. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024இல் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் இ-பாஸ் முறை வந்தது. ஒருநாள் வந்துபோகும் பயணி ஒவ்வோர் அடியிலும் கணக்குச் சொல்கிறார். பல கோடி ரூபாய்க்கு எஸ்டேட்டைத் துண்டுபோட்டு விற்பவரிடம் மலையின் பெயரால் எவரும் எதையும் கேட்பதில்லை. பதிவு அலுவலகத்தில் வரி இல்லாமல் இல்லை: தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்குச் சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் சொத்து மாற்றத் தீர்வை, 2023 முதல் 2 சதவீதம் பதிவுக் கட்டணம். நடுவில் உள்ள 2 சதவீதம் உள்ளாட்சி அமைப்புகளுக்கு உரியது. ஆனால் மதுரையில் விற்ற மனைக்கும் பூம்பாறையில் விற்ற மனைக்கும் அந்தப் பணத்தின் வழி ஒன்றே. சாலைக்கும் விளக்குக்கும் சம்பளத்துக்கும் போகும் பொதுப்பணத்தில் சோலைக்கென்று ஒரு பெயர் எழுதப்படவில்லை.

கடன் என்றால் கடன் கொடுத்தவர் ஒருவர் வேண்டும். அது யார்? சமயங்கள் இதற்கு ஆழமாக விடை தேடியிருக்கின்றன. பழனி மலைக்கு அது தொலைவான பேச்சும் அல்ல. இடும்பன் கதை எல்லோரும் அறிந்தது. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தோளில் தூக்கிவந்த இடும்பன் பழனியில் இறக்கிவைத்தான். மீண்டும் தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவன் முருகன் அது தன்னுடையது என்றான். காவடிக்கு மூலமான இந்தக் கதையில், மலையைச் சுமந்தவனுக்கும் ஏவியவருக்கும் அது உரிமையாகவில்லை. சுமந்தவனுக்குக் கிடைத்தது வாசலில் காவல் நிற்கும் பேறு. மலையை உடைமையாகப் பார்க்காமல் பொறுப்பாகப் பார்க்கும் பார்வை அந்தக் கதைக்குள் இருக்கிறது. ஆண்டுதோறும் காவடி எடுப்பவர்கள் அதைத் தோளில் நடித்துக்காட்டுகிறார்கள்.

கொடைக்கானலில் உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து வானம் தெளிந்த நாளில் பழனிக் குன்று தெரியும். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவத்தைத் தழுவிய வெளிநாட்டுப் பெண்மணி லீலாவதி 1936இல் கட்டிய கோயில் அது. இப்போது பழனிக் கோயிலின் நிர்வாகத்தில் உள்ளது. கோயில் தெய்வத்தை இந்தியச் சட்டம் ஆள் என்று ஏற்கிறது: தெய்வம் சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். அப்படியானால் தெய்வம் குடியிருக்கும் குன்றுக்கு அந்தத் தகுதி ஏன் இல்லை? பழனி மலைக்குத் தெற்கே மேகமலை வனநிலத்துக்குப் பட்டா கொடுத்த வழக்கில், 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையை உரிமைகள் உடைய உயிராக அறிவித்தது. நியூசிலாந்து 2017இல் வாங்கனுய் ஆற்றுக்குச் சட்டத்தாலேயே அந்தத் தகுதியைத் தந்தது. மலை கடன்கொடுத்தவராக நிற்கமுடியும் என்பது இனிக் கவிஞர்களின் கற்பனை மட்டும் அன்று.

கொடைக்கானலை உருவாக்கியவர்கள் இன்னொரு வேதத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க மதுரை மிஷன் 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டியது. இயேசு சபையினர் 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் நிலத்தை என்றைக்குமாக விற்பதைத் தடுக்கிறது: நிலம் கடவுளுடையது, மனிதர்கள் அதில் தங்கிச்செல்பவர்கள். ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பவேண்டும் என்ற யூபிலி விதியும் அதிலிருந்தே பிறந்தது. விற்பவன் விற்பது நிலத்தை அல்ல, சில ஆண்டுகளின் விளைச்சலை மட்டுமே என்பது அந்த நூலின் கணக்கு. முருகன் குன்றும் மோசேயின் சட்டமும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே முடிவுக்கு வருகின்றன: நிலத்தை விற்கும் எவரிடமும் முழு உரிமை இல்லை. அந்த முடிவை ஏற்றால், விற்பனைத் தொகையில் ஒரு பங்கு முதலிலேயே விற்பவருடையது அன்று. வரி அதை அவரிடமிருந்து பறிப்பதாகச் சொல்வதும் பொருந்தாது.

சமயத்தின் பக்கமிருந்தே ஓர் எச்சரிக்கையும் வருகிறது. கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் எல்லாச் சமயங்களிலும் புகுந்த நோய். பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்துத்தான் 1517இல் லூதர் எழுந்தார். நம் தர்மசாத்திரங்களும் திருட்டுக்குக் கழுவாய் சொல்லும் இடத்தில், எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதை அதன் பகுதியாக்கின. நோன்பு மட்டும் போதாது. பணம் கட்டினால் மீறலாம் என்ற மனநிலையைக் கொடைக்கானல் நன்கு அறியும். 1990களில் அனுமதிக்கு மேல் தளங்கள் எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு அரசு ஆணையால் விலக்கு கிடைத்தபோது, பழனி மலைப் பாதுகாப்புக் குழு நீதிமன்றம் போய் அதை ரத்துசெய்ய வைக்கவேண்டியிருந்தது. விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தும் திட்டங்கள் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் வைத்ததும் தாமதம் கூடியது. முன்பு கூச்சம் தடுத்தது. பிறகு அதற்கும் ஒரு விலை கிடைத்துவிட்டது. மலை நில வரி எக்காரணத்தாலும் கட்டட அனுமதியோடு இணைக்கப்படக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. ஓடைக்கரையில் கட்டக் கூடாது என்றால் கூடாதுதான். 2 சதவீதம் அதை மாற்றாது.

இன்னொரு சிக்கல் வரியின் உடலிலேயே இருக்கிறது. விற்பனை பெருகினால்தான் நிதி பெருகும். மலையை மீட்கும் கணக்கு, மலையைத் துண்டுபோடும் வேகத்தை நம்பி நிற்கும். நிதியை ஆள்பவர்களுக்கு விற்பனை குறையக் கூடாது என்ற ஆசை மெல்ல வந்துவிடும். வீட்டுச்சந்தை சரியும் ஆண்டில் பத்திரத் தீர்வையும் சரியும் என்பதை 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபுளோரிடா கண்டது. பத்திரத்தில் குறைத்து எழுதுவதும், பவர் கொடுத்துக் கைமாற்றுவதும் தமிழ்நாடு அறியாதவை அல்ல. வரி ஏறினால் இவையும் ஏறும்.

யார் தலையில் விழும் என்பதும் கேட்கவேண்டியது. பூண்டு விலை சரிந்து, கடனுக்காக அரை ஏக்கரை விற்கும் கவுஞ்சி விவசாயியும், சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு நான்காவது வீட்டை விற்பவரும் ஒரே சதவீதம் கொடுப்பது ஒப்புரவு ஆகாது. லாங் ஐலண்ட் சட்டம் குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழான தொகைக்கு விலக்கு தருகிறது. மலைக்கும் அது வேண்டும். மலையின் பழங்குடிகளான பளியரின் கணக்கு இதிலெல்லாம் சேராது. அவர்களுக்கு விற்கப் பட்டா இருந்ததே அரிது. மலையை முதலில் இழந்தவர்கள் அவர்கள்தான். ஆகவே நிதியில் அவர்கள் கூலியாட்களாக மட்டும் வராமல், முடிவெடுப்பவர்களாக வரவேண்டும்.

கடைசியாக ஒரு மெய்யியல் ஐயம். அழிந்த இயற்கையை மீட்கவே முடியுமா? ராபர்ட் எலியட் என்ற மெய்யியலாளர் 1982இல் ஒரு கட்டுரையில், மீட்ட காடு அசல் ஓவியத்தின் நகலைப் போன்றது, அதன் மதிப்பு அதன் வரலாற்றில் இருந்தது என்று வாதிட்டார். சுரங்கம் தோண்டுகிறவர்கள் பிறகு சரிசெய்துவிடுவோம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை சரியானது. ஆனால் பழனி மலை அந்த வாதத்துக்கு முழுவதும் அடங்கவில்லை. பல இடங்களில் பைன், வாட்டில் நிழலுக்கடியிலேயே சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து எழுகின்றன. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சோலை மர நாற்றுகளை வளர்த்துப் பாம்பார் சோலை ஓரங்களில் நட்டுப் பார்த்துக் கற்ற பாடம், மலை தானே செய்வதைக் கெடுக்காமல் கூட நிற்பதே பெரும் பணி என்பது. புல்வெளி அப்படி எளிதில் திரும்பாது: வாட்டிலை வெட்டினால் வெளிச்சம் பட்ட மண்ணில் பல பத்தாண்டு உறங்கிய விதைகள் ஒரே நேரத்தில் முளைக்கும், வெட்டிய கட்டையும் தழைக்கும். ஆண்டுதோறும் பிடுங்க ஆள் வேண்டும். அவசரமாகச் செலவழிக்கப்படும் பெருந்தொகை இங்கே ஆபத்தானது. ஒப்பந்தக்காரர் ஒரு பருவத்தில் மொட்டையடித்துவிட்டுப் போவார். அடியில் எழுந்த சோலைக்கன்றுகளும் அதோடு போகும்.

அதனால் நிதியின் எல்லையும் வேகமும் அதன் அறத்தில் சேர்ந்தவையே. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. அதற்குள் உள்ள வாட்டில் அரசின் கடன், அரசின் கருவூலமே அதைத் தீர்க்கவேண்டும். தமிழ்நாடு 2022இல் அயல் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது அந்தக் கடனை ஒப்புக்கொண்டதற்கு நிகர். நில விற்பனையின் பங்கு போகவேண்டியது சரணாலயத்துக்கு வெளியே: பட்டா நிலத்து ஓடைக்கரைகள், கழிவு கலக்கும் ஏரி, ஊருக்கு நடுவே மிஞ்சிய சோலைத் துண்டுகள், மீதமிருக்கும் தனியார் புல்வெளிகளை வாங்கிக் காப்பது. இதற்குப் புதிய வரியே தேவைப்படாமலும் போகலாம். கொடைக்கானல் வட்டத்தில் பதிவாகும் பத்திரங்களிலிருந்து உள்ளாட்சிக்கு வரும் 2 சதவீதத்தில் ஒரு பகுதியை, சிறு விவசாயிகளின் விற்பனையை விலக்கி, தனிக் கணக்கில் வைத்தாலே போதும். ஆனால் அது மார்ச் 31 வந்தால் செலவழித்தாகவேண்டிய கணக்காக இருக்கக் கூடாது. வாட்டில் விதை மண்ணில் காத்திருக்கும் காலம் அளவுக்குப் பணமும் காத்திருக்கவேண்டும்.